இராயப்பர் எழுந்துபோன பந்தி

உத்தமபாளையம் பக்கம் இராயப்பன்பட்டிக்குப் பஸ்ஸில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது திராட்சைப் பந்தல். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடி படரவிட்ட தோட்டங்கள். எல்லாம் பன்னீர் திராட்சை. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டே இருக்கும். இந்த ரகத்தை 1832-இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தக் கதையும் சேர்ந்து அச்சேறியது. ஊருக்குள் பனிமய மாதா கோயில்.

ஊர்ப் பெயரில் இருக்கும் இராயப்பன் யாராகவும் இருக்கட்டும், கத்தோலிக்கர் காதுக்கு அது பேதுருவின் பெயர். யோவானை அருளப்பர், ஸ்தேவானை முடியப்பர், பவுலைச் சின்னப்பர் என்று தமிழாக்கிக்கொண்ட பழைய வழக்கத்தில் பேதுரு இராயப்பர் ஆனார். சேவல் கூவுமுன் மூன்று தரம் குருவைத் தெரியாது என்று சொன்னவர். அந்தக் கதை மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு வருஷம் போன பிள்ளைக்கும் தெரியும். அவர் அழுதார், அழுதவரை எல்லோரும் மன்னித்துவிட்டோம். அதே இராயப்பர் பிற்பாடு சறுக்கிய இன்னோர் இடம் உண்டு. அதைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் குறைவு.

அந்தியோகியாவில் அவர் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்தார்கள். வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று இராயப்பர் மெல்லப் பந்தியை விட்டு ஒதுங்கினார். பெரியவரே ஒதுங்கியதைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் ஒதுங்கினார்கள், நல்லவன் என்று பேரெடுத்த பர்னபா உட்பட. சின்னப்பர் எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பிடித்துக் கேட்டுவிட்டார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. அந்த ஒதுங்கலுக்குப் பழைய தமிழ் வேதாகமம் கொடுக்கும் பெயர் 'மாயம்'.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் அது நாடக மேடைச் சொல். முகமூடி மாட்டிக்கொண்டு நடிப்பவனைக் குறித்தது. புராட்டஸ்டண்டுகளின் பழைய திருப்புதல் அவனை 'மாயக்காரன்' என்றது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியம் 'வெளிவேடக்காரர்' என்றது. பின்னது மூலத்துக்கு நெருக்கம். ஆனால் மாயம் என்ற சொல்லில் வேறொரு உண்மை ஒளிந்திருக்கிறது: பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் காணாமல் போவது. பந்தியில் இருந்தவரைக் காணோம், இலை மட்டும் கிடக்கிறது.

வள்ளுவர் வேஷத்துக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். இருபத்தெட்டாவது, கூடா ஒழுக்கம். அதை அவர் வைத்தது துறவறவியலில். அவர் சாடுவது தவக்கோலம் பூண்டு தவறு செய்பவனை. நம் ஊர்ப் பேச்சும் அந்தத் தடத்தில்தான் போகிறது. வேதக்காரர்களின் போலித்தனம் என்று பேச்செடுத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை பைபிளும் திங்கட்கிழமை டாஸ்மாக்குமாக இருக்கும் சபை மூப்பர், சீட்டுப் பிடித்து ஏமாற்றிவிட்டு முதல் வரிசையில் கை தூக்கி ஜெபிக்கும் ஆசாமி, காணிக்கைக் கணக்கைக் காட்டாத பொருளாளர் என்று வரிசையாக வருவார்கள். படிக்கிறது இராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்துவிடலாம். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இவை தனி மனிதனின் பலவீனங்கள், எந்த மதத்திலும் கிடைப்பவை. அப்போஸ்தலன் ஒருவன் இன்னோர் அப்போஸ்தலனைப் பேர் சொல்லிக் குற்றம் சாட்டிய மாயம் குடியைப் பற்றியது அல்ல, காசைப் பற்றியதும் அல்ல. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பற்றியது. மதுரைச் சீமையில், அதன் மேற்கு மூலையான இந்தக் கம்பம் பள்ளத்தாக்கையும் சேர்த்து, கிறிஸ்தவத்தின் நானூறு ஆண்டுக் கதையை அந்தப் பந்தியிலிருந்து பார்த்தால் யார் உண்மையானவர், யார் வேஷக்காரர் என்ற கணக்கு நிறையவே மாறுகிறது.

முதல் ஆள் ராபர்ட் தெ நொபிலி. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய யேசு சபைக் குரு. காவி கட்டினார், குடுமி வைத்தார், சந்தனம் பூசினார், சமஸ்கிருதமும் தமிழும் கற்றார், தன்னைச் சந்நியாசி என்றார். வேஷம் என்று பார்த்தால் இதைவிட முழுமையான வேஷம் இல்லை. அவருக்கு முன்பே மதுரையில் இருந்த சக யேசு சபைக் குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் அப்படித்தான் புகார் எழுதினார். விவகாரம் கோவா வழியாக ரோமாபுரிக்குப் போனது. 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூலும் குடுமியும் சந்தனமும் மூடநம்பிக்கை கலக்காமல் இருந்தால் குற்றமில்லை என்றார்.

ஆனால் அந்த வேஷத்துக்குள் இருந்த மனிதர் பொய்யானவர் அல்ல. புலாலை விட்டார், ஒரு வேளை உண்டார், கண் பார்வை மங்கிய கிழ வயதிலும் அந்த விரதத்தை விடாமல் 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார். தனக்கு அவர் வைத்துக்கொண்ட நேர்மையில் ஓட்டை இல்லை. ஓட்டை இருந்தது பந்தியில். உயர்சாதியார் தன்னை ஏற்க வேண்டும் என்பதற்காகப் பரவர்களின் குருவான பெர்னாண்டஸை விட்டுத் தனி வீட்டில் குடியிருந்தார். பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். பிறகு மிஷன் தாழ்த்தப்பட்டோரிடம் போகப் பண்டாரசாமிகள் என்று தனி வகைக் குருக்களை ஏற்படுத்தியது. பிராமணச் சந்நியாசிக் குருக்கள் ஒரு பக்கம், பண்டாரசாமிகள் மறு பக்கம். உள்ளம் சுத்தமாக இருந்தும் ஒருவர் மாயத்தை நிறுவிவிட்டுப் போக முடியும் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இரண்டாவதாக வந்தவர்கள் இதற்கு நேர் எதிர். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு யாழ்ப்பாணம் வழியாக 1834-இல் மதுரையில் கால் வைத்தது. பெரியகுளமும் வத்தலக்குண்டும் அதன் நிலையங்களாயின. கம்பம் பள்ளத்தாக்குக்கு உபதேசியார்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். சாதியோடு சமரசம் கூடாது என்பதில் இவர்கள் கறார். அதற்கு முன்பே 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும் புலவர்களே அந்தப் போக்கை எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். சாஸ்திரியாரின் கோபத்தைப் படிப்பவருக்கு ஒரு தர்மசங்கடம் வரும்: தமிழ்ப் பாட்டைக் குறைக்கிறார்கள், கல்யாணத்தில் பூவைத் தடுக்கிறார்கள் என்ற நியாயமான முறையீட்டையும், எல்லோரையும் ஒரே கிண்ணத்தில் குடிக்கச் சொல்கிறார்கள் என்ற முறையீட்டையும் அவர் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு வருகிறார்.

மதுரை மிஷனார் 1847-இல் ஒரு பரீட்சை வைத்தார்கள். பெயர் அன்பின் விருந்து. தாழ்த்தப்பட்டவர் கையால் சமைத்ததை எல்லா உபதேசியார்களும் சபையாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும். மறுத்தவர்களுக்கு இராப்போசனமும் இல்லை, மிஷன் வேலையும் இல்லை. மறுத்தவர்கள் பலர், வேதாகமத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் உபதேசியார்களே இலையை விட்டு எழுந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1850-இல், சென்னை மிஷனரி மாநாடும் சாதி விடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானம் போட்டது. லைப்சிக் லுத்தரன்கள் மட்டும் இதற்கு ஒத்துவரவில்லை.

அந்தப் பரீட்சையை நான் மதிக்கிறேன். மனசுக்குள் புகுந்து பார்க்க யாராலும் முடியாது. வாய்க்குள் போகும் சோற்றைப் பார்க்கலாம். ஆனால் வேலையையும் சம்பளத்தையும் பணயம் வைத்து நடக்கும் பரீட்சையில் தேறியவன் எதில் தேறினான்? விருந்தில் உண்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தலை முழுகலாம். மாயத்தைக் கண்டுபிடிக்க வைத்த சோதனையே புது மாயத்துக்குப் பயிற்சி ஆகிவிடக்கூடும்.

பரீட்சை வைத்தவர்களின் வீட்டுக் கதை இன்னும் சுவையானது. அதே அமெரிக்கன் போர்டு இரண்டு ஆண்டு முன்னால், 1845-இல், புரூக்ளினில் கூடியது. செரோக்கி, சாக்டா பழங்குடியினரிடையே இருந்த தன் சபைகளில் அடிமைகளை வைத்திருப்பவர்கள் அங்கத்தினராக இருக்கலாமா என்பது கேள்வி. அடிமை வைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சபையிலிருந்து விலக்க வேண்டியதில்லை என்பது போர்டு எடுத்த நிலை. பொறுக்க முடியாதவர்கள் வெளியேறி 1846-இல் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்று வேறு சங்கம் தொடங்கினார்கள். மதுரையில் ஒரு வேளைச் சோற்றை மறுத்தவருக்குக் கதவைச் சாத்திய அமைப்பு, அமெரிக்காவில் மனிதனையே விலைக்கு வாங்கியவருக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. மதுரையில் இருந்த மிஷனரிகள் ஒவ்வொருவரும் அதை ஏற்றார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பணம் வந்த பெட்டி ஒன்று.

பெரியகுளத்துக்கு மேலே ஏறினால் இன்னொரு காட்சி. குழந்தைகளையும் மனைவிமாரையும் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த இந்த மிஷனரிகள்தான் 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்கள் பயத்தைக் குறை சொல்லுகிற தைரியம் எனக்கில்லை. மதுரையில் அவர்களுடைய பழைய கல்லறைகளைப் பார்த்தவருக்கு அது வராது. ஆனால் மலைக்கு எப்படிப் போனார்கள்? 1914-க்குப் பிறகு காட் ரோடு வரும்வரை பெரியகுளம் அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதை. முடிந்தவர்கள் மட்டக் குதிரையில், மற்றவர்கள் நாற்காலியில். அந்த நாற்காலியின் கீழே கூலிகளின் தோள். கீழே சமபந்தி, மேலே போகும் வழியில் பல்லக்கு. அன்பின் விருந்தில் எழுந்துபோன உபதேசியார் ஒருவர் அந்தத் தோப்பில் நின்று இந்த ஊர்வலத்தைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

அதே மிஷனுக்கு 1925-இல் வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கைத்தான் இந்த முரணைத் தாங்க முடியாதவர். கதர் கட்டினார், காந்தியவாதிகளோடு பழகினார், வைஸ்ராய்க்குக் காந்தியின் கடிதத்தைக் கொண்டுபோன ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தன் வீட்டில் தங்கவைத்தார். அயல்நாட்டு மிஷனரிகள் சர்க்காருக்கு எதிராக நடக்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் இந்தியாவுக்கு வந்தார்கள். ஒப்பந்தம் மீறப்பட்டது என்று 1930-இல் அவர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தார், 1944-இல் மறுபடி வெளியேற்றப்பட்டார், சுதந்திரத்துக்குப் பின் மறுபடி வந்தார். காந்திகிராமம் உருவானபோது உடனிருந்தார். 1984-இல் இறக்கும்வரை திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் கிராமங்கள்தான் அவருக்கு ஊர். உண்மையாக வாழ்கிற ஆளைச் சபை என்ன செய்யும் என்பதற்கு அவர் வாழ்க்கை விடை: ஆண்டுவிழா மலரில் படம் போடும், உயிரோடு இருக்கும்போது சங்கடப்படும்.

இங்கே ஒரு கிளைக்கதை. பள்ளத்தாக்கில் எந்தச் சாதி, எந்த மதத்துக்காரரும் மாலை போடும் வெள்ளைக்காரர் ஒருவர் உண்டு: 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்த ஜான் பென்னிகுயிக். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம். அவர் பிறந்த நாளான ஜனவரி 15-இல் பொங்கல். சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதைக்கு ஆவணம் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், நான் கேட்பதில்லை. நான் கவனிப்பது வேறு. அவர் கோயிலுக்குப் போனாரா, ஜெபித்தாரா, நல்ல கிறிஸ்தவரா என்று இங்கே ஒருவரும் கேட்டதில்லை. தண்ணீர் வந்தது, போதும். இங்கிலாந்தில் பிரிம்லி என்ற ஊரில் அவரை அடக்கம் செய்த கோயிலின் பெயர் புனித பேதுரு. அங்கேயும் இராயப்பர்.

பந்திக்கு அடுத்தது சுவர். திருநெல்வேலி வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோயில் கால்சட்டை வடிவில் இருந்தது: இரண்டு கால்களும் சேரும் இடத்தில் பீடம், ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார். இரு தரப்பும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். பிற்பாடு தடுப்பை எடுத்தபோது அதை மீட்கச் சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போனது, தோற்றது. ஒரு கட்டடக் கலைஞர் உட்கார்ந்து அளவெடுத்து மாயத்துக்கு வரைபடம் போட்டிருக்கிறார் என்பதை நினைத்தால் சிரிப்பும் வராது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் சுவர் செத்தவர்களைப் பிரித்தது. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதில் 2008 மார்ச்சில் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். தவக்காலத்தில் நடந்தது அது.

சபையின் தலைமை இதையெல்லாம் மறைத்தது என்று இப்போது சொல்ல முடியாது. 2003 நவம்பரில் ரோமாபுரிக்குப் போன தமிழக ஆயர்களிடம், மதுரை உயர் மறைமாவட்டமும் அதில் உண்டு, இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் சாதிப் பாகுபாட்டை நேரடியாகவே கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது பெரிய விஷயம். பாவசங்கீர்த்தனத்துக்கு அப்புறம் பரிகாரம் என்று ஒன்று உண்டு என்பதும் அவர்களே கற்றுக்கொடுத்ததுதான்.

இதை உள்ளிருந்து எழுதியவர் பாமா. கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழைகளுக்கு வாழப் போகிறோம் என்று நம்பி, பணக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் வேலை பார்க்க நேர்ந்து, வெளியே வந்து அவர் எழுதிய 'கருக்கு' 1992-இல் வெளிவந்தது. கன்னியரில் யாரும் அதில் அரக்கி இல்லை. ஜெபிக்கிறார்கள், உழைக்கிறார்கள், நேரத்துக்கு எழுகிறார்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு ஏழ்மை மட்டும் எட்டவே எட்டாது. 1994-இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இன்னும் ஒரு படி கீழே இறங்கி, தாழ்த்தப்பட்டவர்களுக்கே துணி வெளுக்கும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் அடுப்பைக் காட்டியது. இந்த இரண்டு புத்தகத்தையும் குருமடங்களில் பாடமாக வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, எல்லோரும் தயங்கிப் பேசும் இடம்: சர்டிபிகேட். பள்ளத்தாக்கில் எத்தனையோ தலித் வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பதிவேட்டுப் பெயர் ஒன்று. சுவரில் இயேசு படம், பீரோவில் இந்து என்று போட்ட சாதிச் சான்றிதழ். இதைவிட வெளிப்படையான வெளிவேடம் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் கேட்டது: ஞானஸ்நானம் பெற்று, கோயிலுக்குத் தவறாமல் போகிறவர் வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது.

கேள்வியைத் திருப்பியும் போடலாம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாராக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடரையும் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் போட்டது. சேரியில் வீடு மாறவில்லை, டீக்கடையில் பார்வை மாறவில்லை, கல்லறையில் சுவர்கூட மாறவில்லை. பேர் மட்டும் மாறியதால் சாதி போய்விட்டது என்று சட்டம் நம்புவதாகச் சொல்கிறது. இந்த விவகாரத்தில் முதல் வேஷம் யாருடையது?

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இந்தக் கேள்வி ஒரு சட்டமன்றத் தொகுதியையே ஆட்டியது. தேவிகுளம் தனித் தொகுதி. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நிறைந்தது. 2021-இல் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா உண்மையில் கிறிஸ்தவர் என்று தோற்றவர் வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வந்தவை சி.எஸ்.ஐ. கோயிலின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, பிறகு கல்யாணப் போட்டோ. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கின் சட்ட நுணுக்கம் இருக்கட்டும். ஒரு மனிதன் கிறிஸ்தவனா இல்லையா என்பதற்கு இரண்டு நீதிமன்றங்களும் புரட்டிய காகிதங்களில் அவர் யாரோடு எப்படி வாழ்ந்தார் என்பது இல்லை. இருக்கவும் முடியாது.

தோற்றத்தை வைத்து உண்மையை அளக்கும் இன்னொரு வழி நம் ஊரில் பிரபலம். 1920-களில் கொழும்பில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன் வந்த பின்பு வெள்ளை உடுப்பும் நகையில்லாக் கழுத்தும் விசுவாசத்தின் அடையாளம் ஆயின. தோட்டைக் கழற்றிய காதின் துளையைப் பார்த்தே எந்தச் சபை என்று சொல்லிவிடலாம். மற்றவர்கள் 'அல்லேலூயா கூட்டம்' என்று கேலி பேசுவார்கள். நகை வங்கி லாக்கரில் இருக்கிறது என்ற கிசுகிசுவும் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சின்னச் சபைகளில், தகரக் கூரையின் கீழ், பாயில் உட்காரும்போது யார் எங்கே என்ற ஒழுங்கு பழைய கோயில்களில் இருக்குமளவு இறுக்கமாக இல்லை. விடியற்காலையில் ஏலக்காட்டு ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். அந்த அழுகையை நடிப்பு என்று சொல்ல நான் யார்?

ஆனால் கல்யாணம் என்று வந்தால் எல்லாச் சபையும் ஒரே சபை. கிறிஸ்தவ வரன் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். மறுபிறப்படைந்த, ஜெபவாழ்க்கையுள்ள, ஊழிய பாரமுள்ள மணமகன் தேவை. அடுத்த வரியில் சாதி. 'சாதி தடையில்லை' என்று தாராளமாகத் தொடங்கும் விளம்பரமும் அடைப்புக்குறிக்குள் எஸ்.சி. தவிர்க்கவும் என்று முடியும். அந்த அடைப்புக்குறி அந்தியோகியாவில் இராயப்பர் எழுந்துபோன கதவுதான்.

அன்பின் விருந்து இன்றும் நடக்கிறது. அதே பெயர், அழைப்பிதழில் அச்சடித்து வரும். பள்ளத்தாக்கில் ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், அறுப்பின் பண்டிகை முடிந்து போன வருஷம் நான் பார்த்தேன். காய்கறியும் கோழியும் ஏலம் போய் முடிந்தது. முன்பெல்லாம் பின்புறம் கொட்டகை போட்டு, பாய் விரித்து, இலை போட்டு, வாளியில் சாம்பார் கொண்டுவருவார்கள். யார் முதல் பந்தி, யார் கையில் கரண்டி என்று ஒவ்வொரு வருஷமும் முணுமுணுப்பு எழும். கொரோனாவுக்குப் பிறகு அந்தத் தலைவலி இல்லை. கோயில் வாசலில் மேசை. மேசையில் பிரியாணிப் பொட்டலங்கள். பெயரை டிக் அடித்து, கேரி பேக்கில் போட்டு, ஆளுக்கு இரண்டு. வண்டியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் அவரவர் குடும்பத்தோடு சாப்பிடலாம். வசதிதான், குப்பை குறைவுதான். 1847-இல் தீர்க்க முடியாத பிரச்சினையைப் பொட்டலம் தீர்த்துவிட்டது. யாரும் இலையை விட்டு எழ வேண்டாம், ஏனென்றால் இலையே இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு கோயில் படியில் ஒரு கிழவி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். ஏலக்காட்டில் காய் எடுத்துத் தேய்ந்த விரல்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது பிரித்த வேகத்தில் தெரிந்தது. மேலத் தெருவிலிருந்து வந்த இன்னொரு வயதான அம்மா மகனின் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். ஆராதனையில் இருவரும் ஒருவருக்கொருவர் சகோதரி. படியை விட்டு இறங்கினால் ஒருவர் ஆத்தா, மற்றவருக்குப் பெயர் மட்டும். மகனைக் காணோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நின்றவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "இவன் எப்ப வந்து, நான் எப்பச் சாப்பிட" என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதே படியில் அல்ல, ஒரு படி மேலே. பொட்டலத்தைப் பிரித்து, முட்டையை எடுத்துக் கீழே நீட்டினார். "எனக்கு டாக்டர் ஆகாதுன்னுட்டாரு, நீ தின்னு."

கீழே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார். தன் பொட்டலத்தில் இருந்த வெங்காயப் பச்சடியை மேலே தள்ளி வைத்தார். அந்தம்மா அதைப் பார்த்தார். சிறிது நேரம் தொடவில்லை. வண்டிச் சத்தம் கேட்டபோது பச்சடிப் பை பிரிந்திருந்தது, பாதி காலியாகி.